சாவி நம் மடியில் இருக்கட்டும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா என்றால் கடந்து வந்த பாதையைப் பேசுவது வழக்கம். அப்பணியை எனக்கு முன் பேசியோர் செவ்வனே செய்து முடித்துவிட்டனர். எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்போ, கைபேசியிலும் உலாவியிலும் கடவுச்சொற்களைக் காத்து வைக்கும் முறை என்பதாகும். விழா மேடையில் பேசத்தக்க பொருளா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம். கணினிக் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே ஏன் பேசுகின்றார் என்றும் நினைக்கலாம். கணினிக் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்கின்றோமே, அதுதான் என் கவலை. ஏன் என்பதைச் சொல்கின்றேன்.

நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது. அந்த நெல்லை நட்டவர் யார், களை பறித்தவர் யார், அறுத்துச் சுமந்தவர் யார் என்பதை இந்த அவைக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அறுத்த நெல் களத்திலிருந்து பெரிய வீட்டுப் பத்தாயத்துக்குப் போயிற்று. பத்தாயத்துக்குப் பூட்டு உண்டு; பூட்டுக்குச் சாவி உண்டு; அந்தச் சாவி நம் பாட்டிமார் மடியில் ஒருநாளும் இருந்ததில்லை. 1855-இல் திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்து அரசாணை வந்த பின்னரும் சாவி இடம் மாறவில்லை. 1907-இல் அய்யன்காளி சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவி, எம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறவாவிடில் உம் வயலில் இறங்கமாட்டோம் என்று உழைப்பாளரைத் திரட்டினார். நம் மாவட்டமும் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்ததே. தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்றுதான். ஆகவே அந்தப் போராட்டம் நம் வரலாறும் ஆகும்.

இன்று நம் பிள்ளைகளின் பத்தாயம் எங்கே இருக்கின்றது? சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது இணையத்தில். கல்லூரிச் சேர்க்கை இணையத்தில். தேர்வு நுழைவுச் சீட்டு இணையத்தில். வங்கிக் கணக்கு கைபேசியில். அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944-இல் தொடங்கப்பட்டதே பட்டியல் வகுப்பு மாணவருக்கான மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம். எண்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட அத்திட்டம், நம்மில் எத்தனை குடும்பங்களில் முதல் பட்டதாரியை உருவாக்கியது என்பதை எண்ணிப் பாருங்கள். 2020 டிசம்பரில் நடுவண் அமைச்சரவை அதனைத் திருத்தியமைத்தபோது, நடுவண் அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40 விழுக்காடு என்று வகுத்து, பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகச் செல்லவேண்டும் என்ற நெறியையும் வலியுறுத்தியது. இடையில் நிற்போர் குறைந்தனர், நல்லதுதான். ஆனால் விண்ணப்பம் செய்யும் தளத்துக்குள் நுழைய ஒரு கடவுச்சொல் வேண்டும். மின்னஞ்சலுக்கு ஒரு கடவுச்சொல் வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தில் ஒருமுறைப் பதிவு செய்தால் அஃது ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்பது இளைஞர்களாகிய உங்களுக்குத் தெரியும். எனில், அந்தப் பதிவின் கடவுச்சொல்லும் ஐந்து ஆண்டுகள் உங்களோடு வாழ வேண்டுமல்லவா? கடைசி நாளில், கடைசி மணி நேரத்தில், "கடவுச்சொல் தவறு" என்ற சிவப்பு வரியைக் கண்டு கலங்கி நிற்பது எத்தனை பேருக்கு நேர்கின்றது!

இப்போது ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தந்தை செங்கல் சூளைக்கோ ரப்பர் தோட்டத்துக்கோ போகின்றார். அல்லது வளைகுடா நாட்டில் இருக்கின்றார். மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிவிட்டாள். விண்ணப்பம் செய்ய நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு கணினி மையத்துக்குச் செல்கின்றாள். மின்னஞ்சல் முகவரி இல்லை. மையத்துக்காரர் உதவ முன்வந்து, தாமே ஒரு முகவரியை உருவாக்குகின்றார். அவசரத்தில் தம் கைபேசி எண்ணையே அதற்குக் கொடுக்கின்றார். எல்லோருக்கும் கொடுக்கின்ற கடவுச்சொல்லையே இவளுக்கும் கொடுக்கின்றார். வேலை முடிந்தது, காசைக் கொடுத்துவிட்டு அவள் வீடு வந்து சேர்கின்றாள். அந்த முகவரியை அவள் மறுபடி நினைப்பது உதவித்தொகை வராதபோதுதான். அதற்குள் கடை இடம் மாறியிருக்கும், அல்லது அவர் எண் மாறியிருக்கும்.

மையம் நடத்துவோரை நான் குறை சொல்லவில்லை. பலர் நல்ல மனத்தோடு, விடிய விடிய இருந்து நம் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கின்றனர். அந்த உதவி இல்லாவிடில் பலருக்குக் கல்லூரி வாயில் கண்ணில் பட்டிருக்காது. ஆனால் நம் பாட்டன்மார் ஆவணம் எழுதுபவரிடம் சென்று, என்ன எழுதியிருக்கின்றது என்று தெரியாமலே கைநாட்டு வைத்து வந்தனர். எழுதியவர் நல்லவரானால் நிலம் தப்பியது, இல்லாவிடில் போயிற்று. பட்டம் பெற்ற பேரன் தன் கடவுச்சொல்லை இன்னொருவர் குறிப்பேட்டில் விட்டு வருகின்றான் என்றால், கைநாட்டுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கடவுச்சொல் கணினிக்கு வந்த கதையைச் சற்றே சொல்கின்றேன். 1961-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவர் தலைமையில், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் அமைப்பை உருவாக்கினர். ஒருவர் கோப்பை மற்றவர் பார்க்காதிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் தரப்பட்டது. மறு ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆய்வாளர், தமக்கு வாரத்தில் நான்கு மணி நேரமே கணினி கிடைத்தமையால், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிட்டு எடுத்து, பிறர் பெயரில் நுழைந்து வேலை பார்த்தார். கடவுச்சொல் பிறந்து ஓராண்டு நிரம்புமுன் திருட்டும் பிறந்துவிட்டது! அவர் திருடியது ஒவ்வொருவரிடமும் சென்று அன்று. எல்லோருடைய சாவிகளும் தொங்கிய ஒரே இடத்திலிருந்து. இன்றும் பெரும்பாலும் நடப்பது அதுவே.

2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்தின் சேமிப்பிலிருந்து சுமார் 3.2 கோடிக் கடவுச்சொற்கள் களவு போயின. அவற்றை அந்நிறுவனம் மறைக்காமல் அப்படியே எழுதி வைத்திருந்தது. அவற்றுள் மிகுதியானோர் வைத்திருந்தது எது தெரியுமா? ஒன்று முதல் ஆறு வரை வரிசையாக எழுதிய எண்! உலகமெங்கும் மனிதனின் சோம்பல் ஒரே மாதிரிதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

களவு போன கடவுச்சொல்லை வைத்துத் திருடன் என்ன செய்வான்? அதே முகவரியும் அதே சொல்லும் வேறு தளங்களில் செல்லுமா என்று இயந்திரத்தைக் கொண்டு வரிசையாக முயன்று பார்ப்பான். ஏதோ ஒரு விளையாட்டுத் தளத்துக்கு நீங்கள் கொடுத்த சொல்லே உங்கள் மின்னஞ்சலுக்கும் கொடுத்த சொல்லாக இருந்தால், விளையாட்டுத் தளத்தின் ஓட்டை வழியே உங்கள் மின்னஞ்சல் போகும். மின்னஞ்சல் போனால் மற்றவை அனைத்தும் போகும். "கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்" என்று பொத்தானை அழுத்தினால் மாற்றுவழி வந்து சேரும் இடம் அந்த மின்னஞ்சல்தானே!

அடுத்து, ஊகித்தல். எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளால் அமையும் சொற்கள் மொத்தம் 20,882 கோடி. கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆயினும், களவாடிய கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு வினாடிக்கு ஆயிரம் கோடி முறை முயலும் இயந்திரத்துக்கு அது 21 வினாடி வேலை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண் மூன்றும் கலந்து, எவ்வித ஒழுங்குமின்றிப் பன்னிரண்டு எழுத்துகள் வைத்தால் அதே இயந்திரத்துக்குப் பத்தாயிரம் ஆண்டுகள் வேண்டும். எவ்வித ஒழுங்குமின்றி என்ற சொல்லைக் கவனியுங்கள். பெயரும் பிறந்த ஆண்டும், ஊரும் வண்டி எண்ணும் சேர்த்து எழுதியவை இக்கணக்கில் சேரா. நம் இளைஞர் பலர் ஜெய்பீம் என்று எழுதி, பின்னால் 1891 என்றோ 14 என்றோ சேர்க்கின்றனர். அண்ணல் மீதுள்ள பற்றை நான் மெச்சுகின்றேன். ஆனால் உங்களை அறிந்த எவனும் முதலில் முயன்று பார்ப்பது அதைத்தான். அவரை வேறிடத்தில் வைத்து வணங்குங்கள்.

அப்படியானால் தளத்துக்குத் தளம் வேறு வேறான, பொருளற்ற, நீண்ட சொற்கள் வேண்டும். இருபது முப்பது தளங்களுக்கு அவ்வாறு நினைவில் வைக்க மனித மூளையால் இயலாது. இயலாததைச் செய் என்று மாணவனை அதட்டுவது ஆசிரியர்க்கு அழகன்று. வெகு காலம் வல்லுநரும் அப்படித்தான் அதட்டி வந்தனர். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மாற்று என்றனர். குறியீடு ஒன்று சேர் என்றனர். மக்கள் என்ன செய்தனர்? இறுதியில் இருந்த ஒன்றை இரண்டாக்கினர், இரண்டை மூன்றாக்கினர். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமே 2017-இல் தன் நெறிமுறையைத் திருத்தி, காரணமின்றிக் காலந்தோறும் மாற்றச் சொல்ல வேண்டாம் என்றும், நீளமே முதன்மை என்றும், கடவுச்சொல்லை ஒட்டிச் செருகத் தடை செய்யலாகாது என்றும் கூறிவிட்டது. இந்தக் கடைசி விதி எதற்காக? நினைவில் வைக்கும் வேலையை ஒரு கருவியிடம் ஒப்படைக்க வழிவிடுவதற்காகத்தான்.

அந்தக் கருவியே கடவுச்சொல் நிர்வாகி. அதனைப் புதிதாக விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. உங்கள் சட்டைப் பையில் ஏற்கெனவே இருக்கின்றது. ஆண்ட்ராய்டு கைபேசியிலும் குரோம் உலாவியிலும் கூகுளின் நிர்வாகி உண்டு. ஆப்பிள் கைபேசியில் 2013 முதலே சாவிக்கொத்து என்ற பொருள்படும் பெயரில் இருந்தது. 2024-இல் அதைத் தனிச் செயலியாகவும் ஆக்கிவிட்டனர். பயர்பாக்ஸ், எட்ஜ் ஆகிய உலாவிகளிலும் உண்டு.

அது செய்யும் வேலை மூன்று. புதிய கணக்குத் தொடங்கும்போது யாராலும் ஊகிக்க முடியாத சொல்லைத் தானே ஆக்கித் தருகின்றது. அதைப் பூட்டிய நிலையில், அதாவது மறைகுறியாக்கி, வைத்துக்கொள்கின்றது. மறுமுறை அத்தளத்துக்குச் செல்லும்போது தானே நிரப்புகின்றது. இம்மூன்றாவதில் ஒரு பெரும் பயன் மறைந்திருக்கின்றது. அதைப் பலர் அறியார். உதவித்தொகைத் தளம் போலவே, வங்கித் தளம் போலவே போலித் தளங்களை உருவாக்கி, "உங்கள் உதவித்தொகை நிறுத்தப்பட்டுள்ளது, உடனே இங்கே நுழையுங்கள்" என்று குறுஞ்செய்தி அனுப்புகின்றனர். அரசுச் சின்னம் இருக்கும், நிறம் ஒத்திருக்கும், நம் கண் ஏமாந்துவிடும். நிர்வாகியோ நிறத்தையும் சின்னத்தையும் பார்ப்பதில்லை. தளத்தின் முகவரியை மட்டுமே பார்க்கின்றது. முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது நிரப்பாது. வழக்கமாகத் தானே நிரம்பும் இடம் ஒருநாள் வெறுமையாக இருந்தால், அங்கே நீங்களாகத் தட்டச்சு செய்யத் தொடங்காதீர்கள். நின்று முகவரியைப் படியுங்கள். தளமே தன் முகவரியை மாற்றியிருக்கவும் கூடும்; ஆனால் ஐயப்படுவதில் இழப்பு ஒன்றுமில்லை.

இனி அமைக்கும் முறை. நிர்வாகிக்குப் போகுமுன் இரண்டு பூட்டுகளைச் சரிசெய்ய வேண்டும். முதலாவது கைபேசியின் திரைப் பூட்டு. திரைப் பூட்டில்லாத கைபேசியில் கடவுச்சொற்களைச் சேமிப்பது, பத்தாயத்தைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டு வருவதாகும். நான்கு இலக்கமாயின் ஆறு ஆக்குங்கள். பிறந்த நாளை வைக்காதீர்கள். இரண்டாவது, எல்லாவற்றுக்கும் தாயாகிய கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல். நினைவில் வைக்க வேண்டியது இஃது ஒன்றுதான். ஆகவே இதனை நீளமாகவும், உங்கள் நாவுக்கு எளிதாகவும் அமையுங்கள். ஒன்றோடொன்று தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்து எழுதலாம். மண்வெட்டி, தேங்காய்ப்பால், வெள்ளிக்கிழமை, ஓணான் என்பதுபோல. மேடையில் சொல்லிவிட்ட காரணத்தால் இதையே யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம்! உங்களுக்கு மட்டுமே தோன்றும் சொற்களாக இருக்க வேண்டும். பழமொழியோ, பாட்டின் அடியோ, வேத வசனமோ ஆகாது, ஏனெனில் அவற்றையும் இயந்திரம் அறியும்.

பின்னர் கைபேசியின் அமைப்புகள் பகுதியைத் திறந்து, மேலே உள்ள தேடல் கட்டத்தில் கடவுச்சொல் என்று எழுதித் தேடுங்கள். உற்பத்தி செய்யும் நிறுவனத்துக்கு நிறுவனம் இப்பகுதி இருக்கும் இடம் மாறுவதால், வரிசையை மனப்பாடம் செய்வதைவிடத் தேடுவதே எளிது. தானாக நிரப்பும் சேவை எது என்று கேட்கும் இடத்தில் கூகுளைத் தேர்ந்தெடுங்கள். குரோம் உலாவியில் வலப்பக்க மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு, அமைப்புகளுக்குள் சென்றால் கடவுச்சொல் நிர்வாகி இருக்கும்; சேமிக்கக் கேட்கும் வசதி திறந்திருக்கின்றதா என்று பாருங்கள். ஆப்பிள் கைபேசியில் அமைப்புகளின் பொதுப் பகுதியில் தானாக நிரப்புதல் என்பதைத் திறந்துவிட்டால் போதும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற முயலாதீர்கள், களைத்து விட்டுவிடுவீர்கள். வழக்கம்போல ஒரு தளத்துக்குள் நுழையுங்கள், "சேமிக்கவா?" என்று கேட்கும்போது ஆம் என்று சொல்லுங்கள். ஒரு வாரத்தில் நீங்கள் அன்றாடம் புழங்கும் கணக்குகள் எல்லாம் தாமே உள்ளே வந்துவிடும். அதன்பின் நிர்வாகியில் இருக்கும் சரிபார்ப்பு வசதியைத் திறந்து பாருங்கள். எவை களவு போன பட்டியல்களில் இருக்கின்றன, எவை இரண்டு மூன்று இடங்களில் ஒன்றாகவே இருக்கின்றன, எவை வலுவற்றவை என்று அது பிரித்துக் காட்டும். முதன்முறை பார்ப்போர்க்குச் சற்று அதிர்ச்சியாகவே இருக்கும். முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, அடுத்து உதவித்தொகை, தேர்வுத் தளங்கள் என்று நாளுக்கு ஒன்றாக மாற்றுங்கள். மாற்றும் போது அந்தந்தத் தளத்தின் கடவுச்சொல் கட்டத்தைத் தொட்டால், நிர்வாகியே ஒரு புதிய சொல்லைப் பரிந்துரைக்கும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அது வாயில் நுழையாது. நுழைய வேண்டுவதும் இல்லை.

சிலவற்றை இதில் வைக்கவே கூடாது. பணப் பரிமாற்றச் செயலியில் இடும் இரகசிய எண், வங்கி அட்டையின் இரகசிய எண் ஆகியவை நினைவில் மட்டும் இருக்கட்டும். ஒருமுறைக் கடவு எண் குறுஞ்செய்தியில் வந்தால், அதனை எவர் தொலைபேசியில் கேட்டாலும், வங்கி அதிகாரி என்று சொன்னாலும், கொடுக்கலாகாது.

"எல்லா நெல்லையும் ஒரே பத்தாயத்தில் கொட்டலாமா?" என்று இங்குள்ள பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த ஒரு கணக்கு கைநழுவினால் எல்லாம் கைநழுவும் என்பது உண்மையே. அதனால்தான் அதற்கு இரண்டாவது தாழ்ப்பாள் போடச் சொல்கின்றேன். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் இருபடிச் சரிபார்ப்பு என்று ஒன்று உண்டு. அதைத் திறந்துவிட்டால், கடவுச்சொல் தெரிந்தவன்கூட உங்கள் கைபேசியின் ஒப்புதல் இல்லாமல் புதிய கருவியில் நுழைய முடியாது. அங்கேயே எட்டு இலக்கங்கள் கொண்ட பத்துக் காப்பு எண்கள் கிடைக்கும். அவற்றைத் தாளில் எழுதி, சாதிச் சான்றிதழும் மதிப்பெண் சான்றிதழும் வைத்திருக்கும் டிரங்குப் பெட்டிக்குள் வையுங்கள். கைபேசி கடலில் விழுந்தாலும் அந்தத் தாள் உங்களை மீட்கும். அவற்றைக் கைபேசியிலேயே படம் எடுத்து வைப்பதில் பயனில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பலர் அதைத்தான் செய்கின்றனர்.

தாளைப் பற்றிப் பேசியதால் இதையும் சொல்லிவிடுகின்றேன். முதியோர்க்குக் கைபேசி நிர்வாகி கடினமாக இருந்தால், அவர்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதி வீட்டுப் பெட்டியில் பூட்டி வைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். கடல் கடந்து இருக்கும் இணையத் திருடனால் அகஸ்தீஸ்வரத்தில் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறக்க இயலாது. குறிப்பேட்டைக் கடைக்குக் கொண்டு போகாமல் இருந்தால் சரி.

மீட்பு எண் பற்றி ஒரு சொல். கணக்கு தொலைந்தால் மீட்பதற்கென ஒரு கைபேசி எண்ணையும் இன்னொரு மின்னஞ்சலையும் கொடுத்து வைக்க வேண்டும். அந்த எண் உங்கள் கையில் இருக்கும் எண்ணாக இருக்கட்டும். வளைகுடாவில் இருக்கும் தந்தையின் பழைய எண், திருமணமாகிப் போன அக்காவின் எண், மையத்துக்காரரின் எண் ஆகியவற்றை இன்றே நீக்கிவிடுங்கள். பல மாதம் பயன்படுத்தாத எண் முடக்கப்பட்டு, பின்னர் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேரும். உங்கள் கணக்கின் மீட்புக் குறியீடும் அப்போது அவருக்கே போகும்.

கணினி மையத்துக்கு இனியும் செல்ல வேண்டித்தான் வரும். பெரிய விண்ணப்பங்களைக் கைபேசியில் நிரப்புவது எளிதன்று. அங்கே உலாவியில் விருந்தினர் முறை என்று ஒன்று உண்டு. அதில் திறக்கச் சொல்லுங்கள். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று அந்தக் கணினி கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் கைபேசியில் நிர்வாகியைத் திறந்து, அந்தத் தளத்தின் சொல்லைப் பார்த்து, உங்கள் விரலாலேயே தட்டச்சு செய்யுங்கள். பதினைந்து எழுத்துகளைப் பார்த்து அடிப்பதற்கு ஒரு நிமிடம் ஆகும். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். வெளியேறிய பின் சாளரத்தை மூடிவிட்டு எழுந்திருங்கள். முன்பே வேறொருவர் உருவாக்கிக் கொடுத்த முகவரி இருக்குமானால், அதனைத் தூக்கியெறிய வேண்டாம். உதவித்தொகைப் பதிவு அதனோடு கட்டப்பட்டிருக்கும். உள்ளே நுழைந்து மீட்பு எண்ணை மாற்றி, கடவுச்சொல்லை மாற்றி, எந்தெந்தக் கருவிகளில் அந்தக் கணக்கு திறந்திருக்கின்றது என்ற பட்டியலைப் பார்த்து, உங்களுடையது அல்லாதவற்றை நீக்குங்கள். அவ்வளவும் கால் மணி நேர வேலை.

நம் வீடுகளைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். ஒரு கைபேசியை நால்வர் புழங்கும் வீடுகள் பல. அத்தகைய கைபேசியின் திரைப் பூட்டை அறிந்த ஒவ்வொருவரும், அதில் சேமித்த கடவுச்சொற்கள் அனைத்தையும் பார்க்க முடியும். எனவே பொதுக் கைபேசியில் வங்கிச் சொல்லைச் சேமிக்கும் முன் சிந்தியுங்கள். கல்லூரிக்குப் போகும் பெண்ணிடம் தனிக் கைபேசி இருந்தும், அதன் பூட்டைத் தமையனுக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று வற்புறுத்தும் வீடுகளையும் நான் அறிவேன். பெரிய வீட்டுக்காரர் சாவியை நம்மிடம் தராததைப் பற்றி மேடையில் முழங்கிவிட்டு, நம் வீட்டுப் பெண் பிள்ளையின் சாவியை நாம் பிடுங்கி வைத்துக்கொள்வது எந்த நீதியில் சேர்த்தி? இந்தக் கேள்வியை இளைஞர்களிடமே விட்டுவிடுகின்றேன்.

சட்டத்தையும் அறிந்திருங்கள். பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பணம் களவு போனது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் கை மாறிக் கை மாறிப் போய்விடும். வெட்கப்பட்டு மறைப்பதே நம்மவர்களுக்கு அதிக இழப்பைத் தருகின்றது. படித்தவர்களும் அதிகாரிகளும் ஏமாறும் உலகம் இது. இதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கடவுச்சொல்லே வேண்டாம் என்ற காலமும் வந்துகொண்டிருக்கின்றது. பாஸ்கீ என்று ஒன்று வந்துவிட்டது. கூகுள் கணக்கில் 2023 முதல் அதனைப் பயன்படுத்தலாம். கைபேசியின் பூட்டைத் திறப்பதே நுழைவாகிவிடும். போலித் தளத்தில் கொடுத்து ஏமாறுவதற்குச் சொல் என்று ஒன்றும் இராது. தளங்கள் அதைத் தரும்போது தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். அதுவும் இதே நிர்வாகியில்தான் சேர்த்து வைக்கப்படுகின்றது. ஆதலால் இன்று அமைப்பது வீண் போகாது.

உணவு இடைவேளைக்குப் பின், அரங்கின் பக்கத்து அறையில் நம் மாணவர்கள் சிலர் அமர்ந்திருப்பார்கள். கைபேசியோடு செல்லுங்கள், மின்னேற்றம் குறைவாக இருப்பவர்கள் முதலில் செல்லலாம். காப்பு எண்களை எழுதத் தாளும் பேனாவும் அங்கே உண்டு. மாணவர்களுக்கு நான் விதித்திருக்கும் நிபந்தனை ஒன்றே: வருகின்றவரின் கைபேசியை நீங்கள் தொடக் கூடாது, சொல்லிக் கொடுங்கள், அவரே செய்யட்டும். நேரமாகும் என்று ஒரு தம்பி சொன்னார். ஆகட்டும், மாலை வரை அறை நமக்குத்தான். கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும்போது வாய்விட்டுச் சொல்லாதீர்கள். அந்த அறை சிறியது.